முதலில் கொத்து, பிறகு குறி

துப்பாக்கி சுடுதலைப் பற்றி நம் மாணவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. அட்டையின் நடுப்புள்ளியைத் துளைத்தவன் சூரன், துளைக்காதவன் கைநடுங்கி. இதற்குமேல் அதில் ஆராய ஒன்றுமில்லை என்பது பெரும்பாலோர் முடிவு. தேசிய மாணவர் படையில் சேர்ந்து காக்கிச் சட்டை அணிந்த நண்பர்களும் இந்த எண்ணத்திலிருந்து விடுபட்டவர்களாகத் தெரியவில்லை. முகாமிலிருந்து திரும்பியவர்களை விடுதி உணவுக்கூடத்தில் சூழ்ந்துகொண்டு நாம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை குண்டு நடுவிலே போச்சு?" என்பதுதானே! அந்தக் கேள்வியே பிழையானது என்று சொல்லவே இதனை எழுதப் புகுந்தேன்.

ஒரு முகாமில் நான் கண்டதைச் சொல்கிறேன். எந்த முகாம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். இப்படி நடப்பது அங்கு மட்டுமன்று. 25 கஜத் தொலைவில் அட்டைகள் நிற்கின்றன. ஆளுக்கு ஐந்து தோட்டா. ஒரு மாணவி சுட்டாள். அடுத்த பாயில் ஒரு மாணவன் சுட்டான். அட்டைகள் வந்தன. மாணவியின் ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றால் மூடிவிடலாம், அத்துணை நெருக்கம். ஆனால் அவை அனைத்தும் நடுப்புள்ளிக்குக் கீழே இரண்டு அங்குலமும் இடப்புறம் ஓர் அங்குலமும் தள்ளி விழுந்திருந்தன. மாணவனின் அட்டையிலோ ஒரு குண்டு நடுவில் பாய்ந்திருந்தது. மற்ற நான்கும் நான்கு திசைக்கு ஒன்றாய்ப் போயிருந்தன. கைதட்டல் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த போட்டிக்கு ஆள் தேர்ந்தபோதும் அவன் பெயரே ஏறியது. "அம்மா, உனக்குக் குறி வரவில்லை" என்று அவளிடம் சொல்லி அனுப்பினார்கள். அவளும் நம்பிவிட்டாள். அதன்பின் அவள் துப்பாக்கியைத் தொட்டதாக நான் அறியேன்.

இதனை அநியாயம் என்பதைவிட அறியாமை என்பதே பொருந்தும். அந்தப் பெண்ணின் கண்ணும் கன்னமும் மூச்சும் விரலும் ஐந்து முறையும் ஒரே வேலையை ஒரே வகையில் செய்திருக்கின்றன. சுடுவோன் கற்க வேண்டியதில் பெரும்பகுதி அதுதான். குண்டுகள் விழுந்த இடம் தவறு என்றால், அந்த இடத்தை மாற்றப் பார்வைக்குறியை நகர்த்தினால் போதும். ஒரு திருகாணியின் வேலை அது. அந்த மாணவனின் அட்டையை எந்தத் திருகாணியைக் கொண்டு திருத்துவது? நான்கு திசைக்கும் சிதறியதை எந்தப் பக்கம் நகர்த்துவது? நடுவில் போன அந்த ஒரு குண்டும் சிதறியவற்றுள் ஒன்றே. வழியில் நடுப்புள்ளி குறுக்கிட்டது, அவ்வளவுதான்.

மாணவர் படையின் பாடத்திட்டத்தில் இது இல்லாமல் இல்லை. 'குரூப்பிங்' என்று ஒரு பாடம் உண்டு. அதன்பின் 'ஜீரோயிங்' என்று ஒன்று உண்டு. முன்னதை நாம் கொத்து என்போம். பின்னதைச் சுழிநிலை செய்தல் என்போம். ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது கொத்து. அந்தக் கொத்தின் மையத்தை நாம் குறிவைத்த புள்ளியோடு பொருத்துவது சுழிநிலை. வரிசை முக்கியம். கொத்து வராதவனுக்குச் சுழிநிலை செய்ய இயலாது. பாடத்தில் இருக்கும் இந்த வரிசை பல முகாம்களில் நேரமின்மையால் தலைகீழாகி, கடைசியில் மதிப்பெண் ஒன்றே மிஞ்சுகிறது.

நம்முள் அறிவியல் பயில்வோர் பலர். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் நாம் செய்வது என்ன? கம்பியின் தடிமனை அளக்கும் முன்பு, வெறும் அளவியை மூடி அதன் சுழிப்பிழையைக் குறித்துக்கொள்கிறோம். அளவி மூன்று பிரிவு கூட்டிக் காட்டுமானால் கிடைத்த அளவிலிருந்து மூன்றைக் கழிக்கிறோம். "இந்த அளவி மோசம்" என்று எறிவதுமில்லை. "எனக்கு அளக்க வரவில்லை" என்று அழுவதுமில்லை. அதே அளவி ஒரே கம்பிக்கு ஐந்து முறை ஐந்து வெவ்வேறு அளவைக் காட்டினால் அல்லவா கவலைப்பட வேண்டும்? ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், சுடுகளத்தில் பாயில் படுத்தவுடன் அத்தனையும் மறந்துவிடுகிறோமே, அது ஏன்?

நல்ல துப்பாக்கி ஏன் தள்ளிச் சுட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. குழல் ஒரு கோட்டில் நோக்குகிறது. அதற்கு மேலே கண் வேறொரு கோட்டில் நோக்குகிறது. குழலைவிட்டு வெளிவந்த கணத்திலிருந்து குண்டு கீழே விழத் தொடங்குகிறது. நாம் முகாமில் சுடும் .22 தோட்டா வினாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 25 கஜம், அதாவது 23 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் நூற்றில் ஏழு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் எந்தப் பொருளும் ஏறக்குறைய 2.3 சென்டிமீட்டர் விழுந்துவிடும். கிட்டத்தட்ட ஓர் அங்குலம். ஆகையால் குழலைச் சற்று மேல்நோக்க வைத்து, குண்டின் வளைவும் கண்ணின் நேர்கோடும் அட்டையில் சந்திக்குமாறு பார்வைக்குறியை அமைக்கிறார்கள். இதில் இம்மி பிசகினாலும் குண்டு தள்ளிப்போகும். போதாக்குறைக்கு என் கன்னம் கட்டையில் பதியும் இடம் வேறு, உங்கள் கன்னம் பதியும் இடம் வேறு. எனக்குச் சரியாய் இருக்கும் துப்பாக்கி உங்களுக்குச் சற்றே தள்ளிச் சுடலாம். நேற்று ஒருவர் தம் கண்ணுக்குப் பொருத்தியதை இன்று நாற்பது பேர் மாறி மாறி எடுத்துச் சுட்டு, வந்த எண்ணைக் கொண்டு நாற்பது பேரையும் தரம் பிரிப்பது எங்ஙனம் பொருந்தும்?

இங்கே ஒரு சிறு விலகல். திருப்பதியில் படிக்கும் நமக்குத் தெலுங்கு நண்பர்கள் ஏராளம். அவர்கள் 'குரி' என்பதும் நாம் 'குறி' என்பதும் ஒரே சொல்தான். துப்பாக்கி என்பது அவர்களுக்குத் துபாகி. இரு மொழியும் துருக்கியிலிருந்து வந்த சொல்லைத் தத்தம் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டன. சுடுகளத்தில் கட்டளைகள் இந்தியில் வரும். விளக்கம் தெலுங்கில் வரும். ஐயத்தைத் தமிழில் நம் பக்கத்து நண்பனிடம் கேட்டுக்கொள்வோம். மூன்று மொழியிலும் 'கொத்து' என்பதற்கு மட்டும் நல்ல சொல் வழக்கில் இல்லாதது வியப்பே. சொல் இல்லாத இடத்தில் எண்ணமும் நிற்பதில்லை போலும்.

இனித் தொலைநோக்கிக்கு வருகிறேன். திரைப்படங்களின் புண்ணியத்தால் துப்பாக்கிமேல் ஒரு தொலைநோக்கியைப் பூட்டிவிட்டால் குறி தானே வந்துவிடும் என்று நம்புவோர் மிகப் பலர். குறுக்குக் கம்பி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போய்ச் சேரும் என்பது அவர்கள் எண்ணம். கடையிலிருந்து வந்த தொலைநோக்கிக்கும் நம் துப்பாக்கிக்குழலுக்கும் யாதோர் உறவும் இல்லை. அந்த உறவை உண்டாக்குவது நாம்தான். அதை எப்படி உண்டாக்குவது என்பதைச் சித்தூரில் ஒரு சுடுகளத்தில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் எங்கள் நால்வருக்குக் காட்டினார். நாங்கள் அவரைச் சுபேதார் ஐயா என்போம். தெலுங்கு கலந்த வடஆர்க்காட்டுத் தமிழில் பேசுவார். ஒரு காலைப்பொழுது முழுதும் எடுத்துக்கொண்டார். முதல் குண்டு வெடிப்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

முதலில் அவர் தொலைநோக்கியைத் துப்பாக்கியில் பூட்டவே இல்லை. வெறும் தொலைநோக்கியைக் கையில் கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொன்னார். கண்ணருகே உள்ள வளையத்தைத் திருகிக் குறுக்குக் கம்பி கருமையாய்க் கூர்மையாய்த் தெரியும்வரை திருத்த வேண்டும். "உத்துப் பாக்காதே தம்பி. ஒரு பார்வை பாத்துட்டுக் கண்ணை எடு. உத்துப் பாத்தா கண்ணே அதுக்கு ஒத்துப் போயிடும், அப்புறம் எது சரி, எது தப்புன்னு தெரியாது" என்றார். ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியின் தொலைநோக்கியை நாம் இப்படித்தானே தொடங்குகிறோம்! என்னுடன் வந்த இயற்பியல் நண்பருக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது.

அதன்பின் இரண்டு வளையங்களில் தொலைநோக்கியை இளக்கமாக இருத்தினார். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் இயல்பாக வைக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். வட்டம் முழுதும் வெளிச்சமாகத் தெரிந்தால் நன்று. ஓரத்தில் பிறைபோல் கருநிழல் கண்டால் தொலைநோக்கியை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரற்கிடையாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டார்; பெரிய துப்பாக்கியில் இந்த இடைவெளி குறைந்தால் பின்னுதைப்பில் புருவம் கிழியும். தலையைக் கருவிக்குப் பொருத்தாமல், கருவியைத் தலைக்குப் பொருத்துவதே முறை. நம்மில் பலர் பாயில் படுத்துக் கழுத்தை நீட்டிக் குறுக்கிக் கருவியைத் தேடுகிறோம். அந்தக் கழுத்து ஐந்து முறையும் ஒரே இடத்துக்கு வராது. பிறகு கொத்து எப்படி வரும்?

அடுத்து, குறுக்குக் கம்பியில் நெட்டாக நிற்பது உண்மையிலேயே நெட்டாக நிற்கிறதா என்று பார்த்தார். எதிரே மாமரக் கிளையில் ஒரு கயிற்றைக் கட்டி நுனியில் கல்லைத் தொங்கவிட்டார். துப்பாக்கியைச் சாயாமல் மணல்மூட்டையில் இருத்தி, தூக்குக்கயிறும் கம்பியும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியும்வரை தொலைநோக்கியைச் சுழற்றினார். கொத்தனாரின் தூக்குக்குண்டேதான். கம்பி சாய்ந்திருந்தால், மேலே நகர்த்த எண்ணிக் குமிழைத் திருகும்போது குண்டு பக்கவாட்டிலும் நகரும். கிட்டத்தில் தெரியாது, தொலைவு கூடக் கூடத் தெரியும். இத்தனைக்கும் பிறகே வளையத்தின் திருகாணிகளை மாற்றி மாற்றி, எதிர்மூலைக்கு எதிர்மூலையாக, சிறிது சிறிதாக இறுக்கினார்.

இன்னும் குண்டு இல்லை. அது உரிமம் பெற்ற .22 துப்பாக்கி; பின்புறத் தாழைக் கழற்றிவிட்டால் குழலின் வழியாகவே பார்க்கலாம். அவ்வாறு கழற்றி, குழல் காலி என்பதை எங்கள் நால்வரையும் பார்க்கச் செய்து, 25 கஜத்து அட்டையின் கரும்புள்ளி குழலின் நடுவில் தெரியுமாறு மணல்மூட்டையில் அசையாமல் அமைத்தார். பிறகு துப்பாக்கியைத் தொடாமல் குமிழ்களை மட்டும் திருகிக் குறுக்குக் கம்பியை அதே கரும்புள்ளிக்குக் கொண்டுவந்தார். குழலும் கண்ணும் முதன்முதலாக ஒரே இடத்தை நோக்கின. இது தோராயம்தான், ஆயினும் முதற்குண்டு அட்டையிலாவது விழும். இதைச் செய்யாமல் 100 கஜத்தில் தொடங்கி, குண்டு எங்கே போகிறதென்றே தெரியாமல் பெட்டி பெட்டியாகத் தோட்டாவைத் தொலைத்தவர்கள் உண்டென்று சொல்லிச் சிரித்தார்.

பின்னர் ஐந்து குண்டுகள். முதற்குண்டு விழுந்ததுமே எங்கள் கை குமிழுக்குப் போயிற்று. ஐயா தட்டிவிட்டார். ஐந்தும் சுட்டு முடியும்வரை யாரும் அட்டையைப் பற்றிப் பேசவும் கூடாது என்பது அவர் சட்டம். ஐந்தும் முடிந்தபின் அட்டையை எடுத்துவந்து துளைகளின் நடுவைப் பென்சிலால் குறித்தார். வியப்பென்ன தெரியுமா? முகாமில் அந்த மாணவிக்கு விழுந்த அதே இடம்: இரண்டு அங்குலம் கீழே, ஓர் அங்குலம் இடப்புறம்.

"எத்தினி கிளிக்கு? சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

அந்தத் தொலைநோக்கியின் குமிழில் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை மேலும் நான்காக வகுத்த கோணம். அறுபதில் ஒரு பாகை என்பது 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகை. ஆக, ஒரு சொடுக்குக்குக் கால் அங்குலம். எங்கள் இயற்பியல் நண்பர் உடனே, "மேலே 8, வலப்புறம் 4" என்றார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னபடியே திருகிச் சுடச்சொன்னார். கொத்து அரை அங்குலந்தான் ஏறியது. நண்பர் விழித்தார். கால் அங்குலம் என்பது 100 கஜத்துக் கணக்கு. 25 கஜத்தில் கோணம் அதுவே. தொலைவு நான்கில் ஒன்று. ஆகவே ஒரு சொடுக்குக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். மேலே 32, வலப்புறம் 16 திருக வேண்டும். முக்கோணவியலில் முதல் மதிப்பெண் வாங்கியவர் நண்பர்! அட்டையின் முன்னே அது அவருக்குக் கைகொடுக்கவில்லை. மீட்டர்க்கணக்கில் வரும் இக்காலத் தொலைநோக்கிகள் சிலவற்றில் ஒரு சொடுக்கு 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். கணக்கு எளிது, கருத்து அதுவே.

மிச்சச் சொடுக்குகளையும் திருகியபின் மறுகொத்து கிட்டத்தட்ட நடுவுக்கு வந்தது. சிறு திருத்தம் ஒன்று. அதன்பின் இன்னொரு கொத்து, எதையும் தொடாமல், உறுதி செய்துகொள்ள மட்டும். தலையைச் சற்றே மேலும் கீழும் அசைத்துப் பார்க்கும்படியும் சொன்னார். கண் அசையும்போது குறுக்குக் கம்பி அட்டைமேல் நகருமானால் அது நாம் பாடத்தில் படித்த இடமாறு தோற்றப்பிழையே. அதையும் நீக்கியபின், நாள், தோட்டாவின் வகை, தொலைவு, சொடுக்குகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் எழுதினார். தோட்டாவின் வகை மாறினால் கொத்து இடம் மாறும்; துப்பாக்கி எங்கேனும் இடிபட்டாலும் மாறும். அந்த நோட்டு இல்லாதவன் ஒவ்வொரு முறையும் பிறந்த குழந்தைபோல் தொடங்க வேண்டியதுதான்.

இதனை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. நம் முகாமில் கிடைக்கும் துப்பாக்கியில் தொலைநோக்கி இல்லை; இரும்புப் பார்வைக்குறிதான். ஒலிம்பிக் போட்டியின் துப்பாக்கிப் பிரிவுகளிலும் துப்பாக்கிமேல் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிக்கு இடமில்லை. சிறு துளையின் வழியேதான் பார்க்க வேண்டும். ஆனாலும் சுழிநிலை என்னும் கருத்து மனத்தில் பதியத் தொலைநோக்கியைப்போல் நல்ல ஆசிரியர் வேறில்லை. எண்ணக்கூடிய சொடுக்குகளாக, திருப்பிச் சரிபார்க்கக்கூடிய கணக்காக, அது தவற்றைக் கையில் கொடுத்துவிடுகிறது.

ஒலிம்பிக் என்றதும் அபினவ் பிந்த்ரா நினைவுக்கு வராமல் இரார். 2008 ஆகஸ்டு 11 அன்று பெய்ஜிங்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. தகுதிச்சுற்றில் 596, இறுதிச்சுற்றில் 104.5, கடைசிக் குண்டுக்கு 10.8. இந்த எண்களை எல்லாரும் சொல்வர். பலர் சொல்லாதது ஒன்றுண்டு. இறுதிச்சுற்றுக்கு முன் சுட்ட சோதனைக் குண்டு நடுவைவிட்டு எங்கோ போய் விழுந்தது. தகுதிச்சுற்றுக்கும் இறுதிச்சுற்றுக்கும் நடுவே பார்வைக்குறி மாறியிருந்தது என்று பின்னர் அவரே கூறினார். நம்மில் ஒருவனாயின் அந்த இடத்தில் உடைந்துபோயிருப்பான். அவர் சொடுக்குகளை எண்ணித் திருத்திக்கொண்டு போட்டிக்குள் புகுந்தார். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்! அத்தகைய வீரர்களுக்கே போட்டிக்கு முன் ஆயத்தத்துக்கும் சோதனைக் குண்டுகளுக்குமாக 15 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம், ஒன்றுக்கும் மதிப்பெண் இல்லை. வாழ்நாளில் முதன்முறையாகப் பாயில் படுக்கும் நம் மாணவனுக்கோ முதற்குண்டிலிருந்தே மதிப்பெண். இது என்ன நீதி?

சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்து, 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கும், கடலூரில் பிறந்து 2024 பாரிசு வரை சென்ற இளவேனில் வாலறிவனும் நம் இரு மொழி நிலத்தோடும் தொடர்புடையவர்கள். சுடுதல் நமக்கு எட்டாத கலை அன்று என்பதற்கே இவர்களைச் சொன்னேன்.

தோட்டாவுக்குப் பஞ்சம், நேரத்துக்குப் பஞ்சம், நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கையில் ஒவ்வொருவருக்கும் சுழிநிலை செய்ய முடியுமா என்று பொறுப்பாளர்கள் கேட்பர். நேர்மையான கேள்விதான். 1948-இல் சட்டத்தால் அமைந்த மாணவர் படை, சீனப் போருக்குப்பின் 1963-இல் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. விருப்பத்தோடு வருவோர்க்காவது வந்த காரியத்தைக் கற்பிக்கலாமன்றோ? அதற்கு நான் கேட்பதும் பெரிதன்று, கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மாணவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்பது அது. வேறு ஊரில் இதைக் கேட்டால் எளிதாக விடை சொல்லிவிடலாம். சேஷாசலக் காடுகளின் அடிவாரத்தில் உட்கார்ந்து படிக்கும் தமிழ் மாணவர் அப்படிச் சொல்ல இயலாது. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கூலித் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தோர் என்றது காவல்துறை; நீதி கேட்டனர் குடும்பத்தார். அன்று முதல் இந்த மாவட்டத்தில் துப்பாக்கி என்ற சொல் நம் செவிக்கு விளையாட்டுச் சொல்லாக ஒலிப்பதில்லை. அதனால் துப்பாக்கியைத் தொடாதே என்று சொல்லும் நண்பனை நான் நகைக்க மாட்டேன். ஆனால் அவனுக்கு ஒன்று சொல்வேன். துப்பாக்கியின் கவர்ச்சியெல்லாம் அதைத் தொடாதவனிடத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. சுபேதார் ஐயாவோடு ஒரு காலைப்பொழுது இருந்தவனுக்கு அது ஒரு கனமான இரும்பு. தாழைக் கழற்றிக் குழல் காலியா என்று நான்கு பேர் பார்த்த பின்பே கைமாறும் பொருள். பேசுவதற்கும் விளையாடுவதற்கும் இடமில்லாத பொருள். அட்டையைத் தவிர வேறெதையும் நோக்கிக் குழல் திரும்பினால் அவர் குரலில் எழும் சீற்றத்தை நான் மறக்க மாட்டேன். திரைப்படம் பார்த்துத் துப்பாக்கியை அறிந்தவனைவிட, அட்டையை அளந்து அறிந்தவனே அதற்கு அஞ்ச வேண்டிய அளவு அஞ்சுகிறான்.

குறி என்றவுடன் அருச்சுனனையும் பறவையின் கண்ணையும் இழுத்துவராமல் நம் மேடைப் பேச்சாளர்கள் விடமாட்டார்கள். கண்ணை மட்டும் பார்த்தான், எய்தான், வீழ்த்தினான். அதற்குமுன் எத்தனை அம்பு மண்ணில் புதைந்தது என்பதை எவரும் சொல்வதில்லை. காளத்திக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு நாம் ஏன் திண்ணனாரை விட்டோம்? ஒரு கண்ணை அப்பிவிட்டு மறுகண்ணையும் இடக்க அம்பை எடுத்த வேடர், அதையும் இடந்துவிட்டால் இடம் தெரியாதே என்று முன்பே எண்ணி, இறைவன் கண்ணருகே தம் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். அன்பில் உருகி நின்ற நேரத்திலும் வேடனுக்கு வேடன்புத்தி போகவில்லை. கண் போகுமுன் குறியை உறுதிசெய்துகொண்டார். பக்தியைப் பற்றி அறிஞர்கள் பேசட்டும். எனக்கு அந்தக் காலடி ஒரு சுழிநிலை அடையாளமாகவே தெரிகிறது.

இனி நான் கேட்பவை. வரும் முகாமில் சுடும் நாளுக்கு முன்மாலையில், நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு துப்பாக்கியையும் மணல்மூட்டையில் இருத்தி ஐந்து குண்டு சுடட்டும். கொத்து விழுந்த இடத்தை ஒரு சீட்டில் எழுதி அந்தத் துப்பாக்கியின் கட்டையில் கட்டட்டும்: "2 அங்குலம் கீழ், 1 அங்குலம் இடம்" என்று. பத்துத் துப்பாக்கிக்கு ஐம்பது தோட்டா, அதற்குமேல் செலவில்லை. பார்வைக்குறியைத் தட்டித் திருத்தும் உரிமை மாணவனுக்கு இல்லாவிட்டாலும், சீட்டைப் படித்தவன் அதற்கேற்ப மேலும் வலமும் தள்ளிக் குறிவைத்துக்கொள்வான். அடுத்ததாக, அட்டையில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கொத்தின் அகலத்தையும் எழுதட்டும். ஓர் அளவுகோலும் அரை நிமிடமும் போதும். போட்டிக்கு ஆள் தேர்வது அந்த இரண்டாவது எண்ணைக் கொண்டு நடக்கட்டும்.

இவ்விரண்டும் நடக்குமாயின் ஒரு வேலை எனக்குப் பாக்கி இருக்கிறது. அந்த மாணவியின் அட்டையை அன்று நான் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்து துளை, ஒரு ரூபாய் நாணயம். அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுக்கும் நாளில் அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.